உதவி: புவியின் காந்தப்புலக் கோடுகள் இரவுப் பக்கம் நீள மறுக்கின்றன

வடமுனை: புவியைச் சூழ்ந்த காந்தப்புலத்தைக் கணித்துப் புலக்கோடுகளை வரையும் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். 70 பாகை காந்த அட்சரேகையில் தொடங்கும் கோடு, பகல் பக்கம், இரவுப் பக்கம் இரண்டிலும் ஏறத்தாழ எட்டரை புவி ஆரம் வரை சென்று திரும்பிவிடுகிறது. இரவுப் பக்கம் வாலாக நீள வேண்டுமல்லவா? துருவத்தருகே புலச்செறிவும் மிகுதியாக வருகிறது. விரைவாக உதவுங்கள்.

அலைமுகம்: டைவர்ஜென்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து புலம் நிகரமாக வெளிப்படும் அளவு) சுழியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சுழியிலிருந்து விலகினால் புலத்தின் திசையிலேயே பொய்யான விசை தோன்றும் என்பதை ஆய்வாளர்கள் பிராக்பில், பார்ன்ஸ் இருவரும் 1980-லேயே காட்டிவிட்டனர்.

துருவன்: எந்த மாதிரி, எந்த ஆயத்தொகுதி, மிகுதி என்றால் எவ்வளவு? இவை மூன்றும் தெரியாமல் எதையும் சொல்ல இயலாது.

மூத்தோன்: புலத்தின் உள்மூலத்தையும் வெளிமூலத்தையும் பிரித்தறியும் வழியைக் கணிதவியலர் காஸ் 1839-இல் எழுதிவைத்தார். அதைப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இப்போதெல்லாம் நிரல்தான் முதலில் வருகிறது, இயற்பியல் பிறகு வருகிறது.

வடமுனை: ஐ.ஜி.ஆர்.எஃப். (புவிக் காந்தப்புலத்துக்கான பன்னாட்டு மாதிரி) குணகங்கள், 13-ஆம் படி வரை. அந்தக் குணகங்களோடு பெருக்கிக் கூட்ட வேண்டிய லெஜாண்டர் சார்புகளைப் புவியளவையியலுக்கான நிரலகத்திலிருந்து எடுத்தேன். துருவத்தில் 1 லட்சம் நானோடெஸ்லாவைத் தாண்டுகிறது.

துருவன்: இந்த மாதிரி தரும் புலம் புவிப்பரப்பில் எங்குமே 70,000 நானோடெஸ்லாவை எட்டாது. அந்தக் குணகங்கள் ஷ்மிட்டின் அரை இயல்பாக்கத்துக்கு (சார்புகளின் அளவை நிர்ணயிக்கும் ஒரு மரபுக்கு) உரியவை. நீங்கள் எடுத்த சார்புகளோ முழு இயல்பாக்கம் பெற்றவை. எனவே n-ஆம் படி ஒவ்வொன்றும் √(2n+1) மடங்கு பெருகிவிடுகிறது. முதற்படிக்கு அது √3, அதாவது ஏறத்தாழ 1.73. தொலைவில் இருமுனைப் பங்கே (சட்டக் காந்தம் போன்ற முதற்படிப் பகுதியே) மேலோங்கி நிற்பதாலும், அதை எந்த நேர்ம எண்ணால் பெருக்கினாலும் திசை மாறாது என்பதாலும், படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

வால் வேறு விஷயம். ஐ.ஜி.ஆர்.எஃப். புவியின் உள்ளிருந்து எழும் புலத்தை மட்டுமே தருகிறது. சூரியக் காற்று பகல் பக்கத்தைச் சுமார் 10 புவி ஆரத்தில் அழுத்தி நிறுத்துவதும், இரவுப் பக்கத்தை நிலவின் பாதைக்கும் அப்பால் இழுத்துச் செல்வதும் வெளி மின்னோட்டங்களின் வேலை. அந்த வெளிப்புலத்தைத் தரும் சிகானென்கோவின் டி89 மாதிரியைக் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு கே.பி. குறியீட்டெண்ணும் (புவிக் காந்தக் கொந்தளிப்பின் அளவு) இருமுனை அச்சின் சாய்வும் போதும். ஆனால் அதன் அச்சு சூரியனை நோக்கியது, உங்கள் அச்சு புவியோடு சுழல்வது. திருப்பாமல் கூட்டினால் வால் கண்ட திசையில் முளைக்கும்.

அலைமுகம்: டி89 வெறும் சராசரி. காந்தப்புயலின் நடுவே நொடிக்கு நொடி மாறும் அமைப்பு வேண்டுமானால் காந்தப் பாய்ம இயக்கவியல் உருவகம்தான் (மின்மத்தை ஒரு பாய்மமாகக் கொண்டு கணிப்பதுதான்) வழி.

மூத்தோன்: அந்த உருவகம் வளைய மின்னோட்டத்தை (புவியைச் சுற்றி மின்னூட்டத் துகள்கள் நகர்வதால் உண்டாகும் மின்னோட்டத்தை) தனியாகச் சரிவரத் தராது. துகள்களின் நகர்வு அவற்றின் ஆற்றலைப் பொறுத்தது. ஒரே பாய்மமாகக் கருதினால் அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

அலைமுகம்: அதற்காகத்தான் வளைய மின்னோட்டத்துக்கெனத் தனி மாதிரியை இணைத்து ஓட்டுகிறார்கள்.

துருவன்: கேட்டவருக்குப் புயல் தேவையில்லை, ஒரு வால் போதும்.

வடமுனை: இயல்பாக்கத்தை மாற்றியதும் துருவ மதிப்பு 60,000-க்குள் வந்துவிட்டது. டி89-ஐச் சேர்த்தபின் நள்ளிரவுக் கோடு நீள்கிறது. நன்றி.

அலைமுகம்: டைவர்ஜென்ஸையும் ஒருமுறை அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.