பத்தொன்பது நாள் என் கணக்கில் இருந்த பணம்

வங்கி தவறுதலாக வரவு வைத்த பணத்தைச் செலவழித்துவிட்டுத் திண்டாடியவர்கள் பெரும்பாலும் 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் அப்படித் தொடங்க முடியாது. 2018-ஆம் ஆண்டு பங்குனி முதல் வாரத்தில் என் சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்த 1,40,000 ரூபாய் என்னுடையது அல்ல என்பது, குறுஞ்செய்தியைப் படித்த அரை நிமிடத்திலேயே எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

எனக்கு நெல்லை மாவட்டத்தில், தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அந்த வருடம் பிசானப் பருவப் பயிரை அறுத்து நெல்லை ஒரு வியாபாரிக்குப் போட்டிருந்தேன். அவரிடமிருந்து 62,000 ரூபாய் வர வேண்டியிருந்தது. அது போக, 2016-17 வறட்சியில் கருகிப்போன பயிருக்கான காப்பீட்டுத் தொகை இன்று வரும் நாளை வரும் என்று ஊரில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆகவே பணம் வந்த அன்று இரவு, 'காப்பீட்டுப் பணமாக இருக்கும்' என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டு ஏக்கருக்கு அவ்வளவு தொகை எந்தக் காலத்திலும் வராது என்று, கூட்டல் கழித்தல் தெரிந்த எனக்குத் தெரியாதா என்ன? அவள் குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு, "இது யாரு துட்டுன்னு பேங்க்ல கேட்டுட்டு வாங்களேன்" என்றாள். மறுநாள் போகிறேன் என்றேன். மறுநாள் வங்கி வாசல் வரை போய், எதிரே இருந்த டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். வீட்டில் கேட்டதற்கு, 'விசாரித்தேன், நம் பணம்தான்' என்று சொல்லிவிட்டேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய்களிலேயே பெரியது அதுதான்.

செலவுக் கணக்கையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். வட்டிக்கு வாங்கியிருந்த இடத்தில் 60,000 ரூபாய் கட்டினேன். 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு கடன்காரர் வீட்டு வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசையும். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்த மனைவியின் இரண்டரைப் பவுன் சங்கிலியை 38,000 ரூபாய் கட்டித் திருப்பினேன். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வ சாஸ்தா கோயிலுக்கு வேன் பிடித்தது, பிள்ளைகளுக்குத் துணி எடுத்தது, பொங்கல் வைத்தது என்று 14,000 ரூபாய். ஊரான் பணத்தில் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைத்தவன் நான். கணக்கில் மீதி 28,000 ரூபாய் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலையில் வங்கியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, பாஸ்புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னார்கள். நடந்தது என்ன என்பது அங்கே போன பிறகுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் இசக்கிமுத்து, சுடலைமுத்து, பாபநாசம் என்று சாமி பேரும் ஊர்ப் பேருமாகத் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். என் பெயரும் அந்த வகைதான். என் பெயரும் தலைப்பெழுத்தும் அப்படியே அமைந்த இன்னொருவருக்கும் அதே கிளையில் கணக்கு இருந்திருக்கிறது. அவர் திருவனந்தபுரத்தில் கொத்தனார் வேலை பார்ப்பவர். பீடி சுற்றும் அவருடைய மனைவி, சீட்டு எடுத்த பணத்தை வீட்டு மேல்தளம் போடுவதற்காகக் கணவர் கணக்கில் கட்ட வந்திருக்கிறார். பாஸ்புத்தகம் கணவரிடம் இருந்ததால் கணக்கு எண் அவருக்குத் தெரியவில்லை. கவுண்டரில் இருந்தவர் பெயரைத் தட்டி, முதலில் வந்த கணக்கில், அதாவது என்னுடையதில், பணத்தை ஏற்றிவிட்டார். ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கட்டினால் பான் எண் தர வேண்டும், பான் இல்லாதவர்கள் படிவம் 60 எழுதித் தர வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. அந்த அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவம் 60 கட்டுக்குள் இருந்ததால்தான், பணத்தைக் கட்டியது அவர்தான் என்று வங்கியால் உறுதிசெய்ய முடிந்தது.

நான் உள்ளே நுழைந்தபோது அவரும் மேலாளர் அறையில்தான் உட்கார்ந்திருந்தார். பணத்துக்கு ஒரு முகம் இருக்கும் என்று பத்தொன்பது நாளில் ஒரு தடவைகூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. வங்கி என்ற பெரிய கட்டடத்தின் பணம், அதற்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்ற நினைப்புத்தான் உள்ளூர ஓடிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து, பீடி இலை வெட்டி வெட்டிக் காய்ப்பேறிய விரல்களால் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள் நான்காக மடித்து வைத்திருந்த பணம் கட்டிய ரசீதை விரித்து மேசைமேல் வைத்தார். மடிப்பில் கிழிந்துவிடாமல் பின்னால் செல்லோடேப் ஒட்டியிருந்தது. அத்தனை நாளும் யார் யாரிடமோ அதை விரித்து விரித்துக் காட்டியிருக்கிறார் என்பதற்கு அந்த டேப்பே சாட்சி.

கணவர் விடுமுறையில் வந்து, காங்கிரீட்டுக்கு முன்பணம் எடுக்கப் போனபோது கணக்கில் பணமே இல்லை. தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய் என்று வீட்டில் பெரிய சண்டை. ரசீதைக் காட்டியதற்கு, அதில் கணக்கு எண் எழுதும் இடம் காலியாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, இது எப்படிச் செல்லும் என்று மாமியார் கேட்டாராம். நான் என்னவோ சமாதானம் சொல்ல வாயெடுத்தபோது அந்த அக்கா நிறுத்தினார். "அண்ணாச்சி, நீங்க செலவழிச்சது கூட இருக்கட்டும். நம்ம கணக்குல என்னமோ வந்திருக்குன்னு அன்னைக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்க வீட்டுல எனக்குக் களவாணின்னு பேரு வந்திருக்காது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அம்பாசமுத்திரத்தில் வழக்கறிஞராக இருக்கும் உறவினரிடம் அன்று மாலையே கேட்டேன். தவறு வங்கியுடையதுதானே, என்மேல் என்ன பொறுப்பு என்பதுதான் என் கேள்வி. அவர் சிரித்தார். தவறுதலாகப் பணம் வந்து சேர்ந்தால் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆவது பிரிவில் சொல்கிறது. பிறர் பொருள் என்று தெரிந்தே நேர்மையற்று எடுத்தாண்டால், அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே குற்றம் 314-ஆவது பிரிவாகி, குறைந்தது ஆறு மாதச் சிறை என்ற கடுமையும் சேர்ந்திருக்கிறது. கூடவே அவர் சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்த அம்மா பணத்தைக் கொடுத்தது வங்கியிடம்; ஆகவே என்னிடமிருந்து வசூலாகிறதோ இல்லையோ, அவருக்குரிய தொகையை வங்கி உடனே வரவு வைத்தாக வேண்டும். மேலாளரோ, 'இவர் கட்டட்டும், பிறகு போடுகிறோம்' என்று அவரை இரண்டு வாரம் இழுத்தடித்தார். என் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் இதில் எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது.

திருப்பிக் கட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்கில் இருந்த 28,000 ரூபாயை முதல் நாளே முடக்கிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வியாபாரி அனுப்பிய 62,000 ரூபாய் நெல் பணமும் அதே கணக்குக்கு வந்து, கையில் தொடும் முன்பே அதில் மாட்டிக்கொண்டது. மீதி 50,000 ரூபாய்க்கு முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். திருப்பிய சங்கிலி மூன்று வாரம்தான் மனைவியின் கழுத்தில் கிடந்தது. அவள் அதைக் கழற்றித் தந்தபோது என்னைப் பார்த்துப் பேசவில்லை. 'பேங்க்ல விசாரிச்சேன்னு சொன்னியளே' என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அந்தச் சங்கிலியை அதே வங்கிக் கிளையில், அதே கவுண்டரில் அடகு வைத்து 40,000 ரூபாய் வாங்கினேன். மைத்துனர் 10,000 ரூபாய் கொடுத்தார்; காரணம் கேட்காமல் கொடுத்தார், அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஜூனில் பாபநாசம் அணை திறந்து கார் பருவ நெல் நடவுக்கு ஊரே இறங்கியபோது, என் கையில் நாற்றுக்கும் உரத்துக்கும் பணம் இல்லை. 60,000 ரூபாயைக் கட்டி முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்து வந்த அதே வீட்டு வாசலில், 30,000 ரூபாய்க்காக மறுபடி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

இப்படிப்பட்ட செய்திகளை அதற்குப் பிறகு நான் விடாமல் படிக்கிறேன். திருப்பூரில் 2012-இல் அரசு நிதி 40 லட்சம் ரூபாய் தவறுதலாகக் கணக்கில் வந்து, அதைச் செலவழித்த தம்பதிக்கு நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2022 மே மாதம் சென்னையில் 100 வாடிக்கையாளர்களின் கணக்கில் தலா 13 கோடி ரூபாய் இருப்பதாகக் காட்டியது. 2023 செப்டம்பரில், சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவருக்கு 9,000 கோடி ரூபாய் வந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. நிஜம்தானா என்று பார்க்க அவர் நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்தார். அதே ஆண்டு நவம்பரில் ஒரு பொதுத்துறை வங்கியில் உடனடிப் பரிமாற்றக் கோளாறால் 820 கோடி ரூபாய் ஏறத்தாழ 41,000 கணக்குகளுக்குப் போய்விட்டது. டீக்கடையில் இவற்றைப் படித்துச் சிரிப்பார்கள். 9,000 கோடிக்குச் சிரிக்கலாம், அதை யாரும் தன் பணம் என்று நம்ப முடியாது. நம் வீட்டுக் கடனுக்குச் சரியாகப் பொருந்துகிற ஒன்றரை லட்சம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

உங்கள் கணக்கில் அப்படி ஏதாவது வந்தால், கிளையில் எழுத்து மூலமாகத் தெரிவித்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'தவறுதலாக அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்' என்று முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் கெஞ்சினால் நேராக அனுப்பிவிட வேண்டாம். அப்படி ஒரு மோசடியும் நடக்கிறது, எதுவானாலும் வங்கி வழியாகவே போகட்டும்.

அந்த அக்காவை அடுத்த வருடம் அதே கிளையில் பார்த்தேன். வரிசையில் எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றார். என்னைக் கவனிக்கவில்லை, கவனித்தும் திரும்பிக்கொண்டாரோ என்னவோ. கையில் இந்த முறை பாஸ்புத்தகம் இருந்தது. பணத்தை எண்ணி உள்ளே கொடுத்த பிறகும் நகராமல், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து குனிந்து, "சார், பேரைப் பாக்காதீங்க. எங்க மாமனார் பேரு என்ன போட்டிருக்குன்னு வாசிங்க" என்றார். கவுண்டரில் இருந்தவர் வாசித்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.