மாத்திரைப் பட்டையை வெட்டிக் கேட்கிறவர்கள்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கத்தரிக்கோல்

மெடிக்கலில் நிற்கிறேன், பதினொரு வருடமாக. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றால் தெருவின் வரவு செலவு தெரிந்துவிடும். ஐந்தாம் தேதிக்குள் முழுப் பட்டை, இருபதுக்கு மேல் நாலு, மூன்று. எல்லோருக்கும் தெரிந்ததுதான், நீட்டவில்லை.

என் மனசை விட்டுப் போகாமல் நிற்பது ஒரு பெயிண்டர் அண்ணன். பிரஷர் மாத்திரை. பத்தும் சேர்ந்து முப்பது ரூபாய்கூட வராது. ஐப்பசி மழை, பத்து நாளாக அவருக்கு வேலை இல்லை. "மூணு குடும்மா" என்றார். வெட்டிக் கொடுத்தேன். கத்தரி கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது, தேதி இருக்கிற பக்கம் என்னிடமே நின்றுவிட்டது. அவ்வளவுதான் அன்று நடந்தது.

தை கடைசியில் அவர் மனைவி வந்தார். அண்ணனுக்கு இடது கையும் காலும் வராமல் போய், பெரிய ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். சீட்டை நீட்டினார், அப்புறம் சுருக்குப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, "இதுவும் சேத்துப் போடணுமான்னு கேக்கச் சொன்னாரு" என்றார். நான் வெட்டிய அதே கோணல் துண்டு. மூன்றில் ஒன்று இன்னும் உள்ளே இருந்தது.

மிச்சம் வைத்திருக்கிறார். அதுதான் எனக்கு. உங்களுக்கும் இப்படி ஏதாவது நிற்கிறதா?

அடகுத் தம்பி

அக்கா, நகைக்கடன் கிளையில் வேலை எனக்கு. ஷட்டர் தூக்குவதற்கு முன்பே வாசலில் நிற்கிறவர்கள் இரண்டு வகைதான்: ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்காரர்கள் உட்கார மாட்டார்கள்.

ஒரு நாள் ஒரு அம்மா தானே வந்தார். பின்னங்கையில் ஊசி சொருகி பிளாஸ்டர் போட்டபடி. நகை அவர் பேரில், அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் வார்டிலிருந்து ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்திருக்கிறார். வலது கையில்தான் ஊசி. மூன்று இடத்தில் கையெழுத்து. இரண்டாவதில் குழாய்க்குள் ரத்தம் ஏறிவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டே மூன்றாவதையும் போட்டார். நான் இன்க் பேடை நகர்த்தி, "கைநாட்டு வைங்கம்மா, பரவாயில்லை" என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "எனக்கு எழுதத் தெரியும் தம்பி."

நகை இரண்டே முக்கால் பவுன். மீட்க வந்தாரா என்று கேட்காதீர்கள்.

ஓய்வுபெற்றவன்

எல்லாம் படித்தேன், வருத்தம். ஆனால் ஒன்று புரியவில்லை. பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா கிடைக்கிறதே, அந்தப் பெயிண்டர் ஏன் கடையில் வாங்கினார்? நம் ஆட்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. அதனால் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலமைச்சர் காப்பீடு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போங்கள். நோய் வந்த பிறகு ஓடாதீர்கள், இப்போதே எடுத்து வையுங்கள். வீட்டில் 70 வயது தாண்டியவர்கள் இருந்தால் 2024 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48', முதல் 48 மணி நேரத்துக்குக் காசு கேட்க மாட்டார்கள், யாராக இருந்தாலும் சரி. மருந்துக்கு மக்கள் மருந்தகம் உண்டு, 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் வேறு ஆயிரம் இடத்தில் திறந்தார்கள். தொழிற்சாலை வேலை என்றால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு, மாதச் சம்பளம் 21,000 வரை. இதற்கெல்லாம் மேலே, ஆளுக்கொரு தனியார் பாலிசி முப்பது வயதுக்குள் எடுத்துவிடுங்கள். சர்க்கரை வந்த பிறகு போனால் பிரீமியம் ஏறும், காத்திருப்புக் காலமும் போடுவார்கள். உப்பைக் குறையுங்கள், காலையில் நாற்பது நிமிடம் நடங்கள்.

என் அனுபவம்: 2022-இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தேன். கேஷ்லெஸ், பில்லை இன்சூரன்ஸே நேராகக் கட்டிவிட்டது. பிரச்சினை இல்லை.

தெற்குத்தெரு

ஓய்வுபெற்ற சார், இலவசம் என்பது எங்களுக்கும் தெரியும். தகவல் போகாமல் இல்லை. நாள் போகிறது.

எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் 5.40. ஏழரைக்கு ஓ.பி. சீட்டு வரிசை. டாக்டரைப் பார்க்கப் பதினொன்று, ரத்தம் கொடுக்கப் பன்னிரண்டு, "ரிசல்ட் நாளைக்கு வாங்க." அந்த 'நாளைக்கு' எவ்வளவு தெரியுமா? 2024-இல் நூறு நாள் வேலைக்குக் கூலி 319 ரூபாய். களையெடுப்புக்குப் போனால் வேறு கணக்கு. கூட ஒரு ஆள் வந்தால் அவருக்கும் அதே நஷ்டம். ஆஸ்பத்திரி எதுவும் வாங்கவில்லை, சரிதான்.

என் அம்மாவை அப்படி ஒரு நாள் கூட்டிப் போனேன். மார்பில் கட்டி. எனக்கு அது தெரியாது, மூட்டு வலி என்றுதான் சொல்லியிருந்தார். டாக்டரம்மா நல்லவர். "வேற ஏதாச்சும் உண்டா பாட்டி?" என்று பேனாவை வைத்துவிட்டுத்தான் கேட்டார். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு இருபது. "ஒண்ணுமில்லம்மா, முட்டி மட்டுந்தான்."

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதுகூடச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து, குளிக்கும்போது அக்கா பார்த்துவிட்டு அழுதபோதுதான் தெரிந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு நாள் அலைய விட்டிருப்பாங்க, நடவு சமயம்" என்றார். ஆபரேஷன், மருந்து எல்லாம் அந்த 5 லட்சத்துக்குள் முடிந்தது, சார். நீங்கள் சொன்ன திட்டம்தான். கைக்காசு போகவில்லை. அம்மா இருக்கிறார். வலது கையைத் தூக்க முடியாது.

மூன்றாம் மாடி

கேஷ்லெஸ் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். என் மாமனாருக்குப் பத்து லட்சம் பாலிசி. ராத்திரி பரோட்டா சாப்பிட்டுவிட்டு நெஞ்செரிச்சல். தனியார் மருத்துவமனை, பேர் வேண்டாம். ஈ.சி.ஜி. எடுக்கச் சட்டையைப் பாதி கழற்றிக்கொண்டிருக்கிறார், திரைக்கு வெளியிலிருந்து ஒரு குரல்: "சார், பாலிசி எவ்வளவுக்கு?" எங்கே வலிக்கிறது என்று கேட்டது அதற்குப் பிறகு. இரண்டு நாள் ஐ.சி.யூ., இரண்டு நாள் மூன்றாம் மாடியில் தனி அறை. டிஸ்சார்ஜ் தாளில் அசிடிட்டி.

காசு இருந்தால் நல்ல வைத்தியம் என்று யார் சொன்னது? நிறைய வைத்தியம், அவ்வளவுதான். 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டைப் பாருங்கள்: தனியாரில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு 64 சிசேரியன், அரசில் 36. வசதியான வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இடுப்பெலும்பு வேறு மாதிரியா?

சரி, எனக்கு நிற்பது மாமனார் இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா இளநீர் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்க வந்தார். லிஃப்ட்டில் ஏற்றவில்லை போல, படியேறி வந்திருக்கிறார். நான் மேலிருந்து பார்த்தேன், ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அப்புறம் எழுந்தார். அறைக்குள் வந்ததும் சிரித்துக்கொண்டே, "அய்யாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" வீட்டுக்குப் போனதும் விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

வீடுவீடாக

மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக இருக்கிறேன், 2021 ஆகஸ்டில் ஆரம்பித்ததிலிருந்து. தெற்குத்தெரு சொல்கிற பஸ், வரிசை எதுவும் இதில் இல்லை. மாத்திரை வாசலுக்கே வருகிறது. அப்படியும் கேளுங்கள்.

ஒரு பாட்டி, தனியாள். சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை. ஒவ்வொரு தடவை போகும்போதும் பிஸ்கட் டப்பாவில் பழையது அப்படியே இருக்கும். திட்டினேன். போன பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் கொஞ்சம் குரல் உயர்த்திவிட்டேன். பாட்டி டப்பாவை மூடிக்கொண்டே, "அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டா பசிக்குது கண்ணு" என்றார்.

அது உண்மைதான். அந்த வகை மாத்திரை நாம் சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பில் இன்சுலினைச் சுரக்கவைக்கும். சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை கீழே இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, அகோரப் பசி எடுக்கும். ரேஷன் அரிசி இருக்கிறது அவரிடம். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் உலை வைக்கிறார். சாயங்காலத்துக்கு அதே சோற்றில் தண்ணீர்.

நர்ஸம்மாவிடம் சொல்லி, டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அன்று நான் திட்டியதைத்தான் எடுக்க முடியவில்லை.

பட்டியல்காரன்

மூன்றாம் மாடி சொன்ன அந்தக் கணக்கெடுப்பில் 2021-இல் வீடு வீடாகப் போனவன் நான். வசதியை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? வருமானம் கேட்பதில்லை, கேட்டாலும் யார் சொல்வார்கள்! தரை என்ன, கழிப்பறை உண்டா, மின்விசிறி, கலர் டிவி, ஃப்ரிட்ஜ், வண்டி. நம் ஊரில் டிவியும் விசிறியும் அரசாங்கம் கொடுத்ததாகவே இருக்கும். டிக் அடித்துக்கொண்டே போவேன், வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஓய்வுபெற்ற சாருக்கு ஒரு விஷயம். வசதி குறைந்த இடத்தில் நோய் அதிகமாக எழுத வேண்டும், இல்லையா? "உடம்புக்கு ஏதாவது?" என்று கேட்டுப் பாருங்கள், வசதியானவர்கள்தான் அதிகம் சொல்வார்கள். பீகார்க்காரர்களைவிடக் கேரளக்காரர்கள்தான் உடம்பு சரியில்லை என்று அதிகம் சொல்கிறார்கள், ஆயுளும் கேரளத்தில்தான் அதிகம். அமர்த்திய சென் இதை எழுதியிருக்கிறார். தெற்குத்தெருவின் அம்மாவை நான் கேட்டிருந்தாலும் 'இல்லை' என்றுதான் எழுதியிருப்பேன்.

அனுபவம் என்று கேட்டீர்களே. ஒரு வீட்டில் "ஃப்ரிட்ஜ் இருக்கா?" என்றேன். "இருக்கே" என்று அடுப்படிக்குக் கூப்பிட்டார் அந்த அக்கா. மூலையில் ஒரு தொட்டி, ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, மேலே நனைத்த துணி. துணியை விலக்கிக் காட்டினார். பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு ஒரு இன்சுலின் பாட்டில். மகனுக்கு. பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான். "காலைல ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு தண்ணி ஊத்தணும். மறந்தா மருந்து போச்சு" என்றார். பானையைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.

ஃப்ரிட்ஜ்: இல்லை என்று டிக் அடித்தேன்.

ஓய்வுபெற்றவன்

மணல் ஆற்று மணலா, எம்.சாண்டா? பானையை வெயில் படாத இடத்தில், காற்றோட்டமாக வைக்க வேண்டும். தெற்குத்தெரு தங்கச்சி, உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

கத்தரிக்கோல்

சார், பெயிண்டர் அண்ணனுக்கு 46 வயது. நீங்கள் சொன்ன எழுபது வயதுத் திட்டத்துக்கு இன்னும் 24 வருடம் இருக்கிறது. சுகாதார நிலையம் அவருக்கும் தெரியும். காலை எட்டு மணிக்குச் சிக்னலில் நின்றால்தான் அன்றைக்கு வேலைக்கு ஆள் எடுப்பார்கள், அங்கே ஓ.பி.யும் காலையில்தான். மழை நாளில் போயிருக்கலாமே என்று நானும் கேட்டேன். மழை நாளில்தான் சிக்னலில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்குமாம்.

அண்ணி இப்போது மாதாமாதம் சுகாதார நிலையத்திலேயே வாங்குகிறார். கடைக்கு வருவது டயப்பருக்கு மட்டும், அதுவும் பாக்கெட்டாக வாங்குவதில்லை. நாலு கேட்டார், பிரித்துக் கொடுத்தேன்.