கோவளம் – மாமல்லபுரம் கடற்கரை நடை: 22 பேர் குழுவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு?

அலைவரி (கேள்வி)

வணக்கம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 22 பேரைக் கோவளம் குப்பத்திலிருந்து மாமல்லபுரம் வரை கரையோரமாகவே நடத்திக் கூட்டிப்போகத் திட்டம். வயது 14 முதல் 61 வரை. பாதிப் பேருக்கு மணலில் நீண்ட தூரம் நடந்து பழக்கமில்லை. வழிநடத்த மூன்று பேர் இருக்கிறோம். வரைபடத்தில் அளந்தால் ஏறக்குறைய 19 கி.மீ. வருகிறது.

எந்த ஞாயிறு என்பதை எதை வைத்து முடிவு செய்வது? நெம்மேலி பக்கம் கரை அரித்துப்போய்ப் பாறை கொட்டியிருக்கிறார்களே, அங்கே எப்படிக் கடப்பது? குப்பத்துக்குள் இத்தனை பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் மீனவர்களின் வேலைக்கு இடைஞ்சல் ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? கூட்டத்தில் சிலர் முட்டுக்காட்டிலிருந்தே தொடங்கலாம் என்கிறார்கள். அது சரியா?

---

நீர்மட்டம்

முதலில் முட்டுக்காடு: வேண்டாம். முட்டுக்காட்டு உப்பங்கழி கடலைச் சேரும் முகத்துவாரம் கோவளத்துக்கு வடக்கே இருக்கிறது. மணல்திட்டு சில மாதம் அடைத்துக்கொள்ளும், மழைக்குப் பின் உடைத்துக்கொள்ளும். போன வாரம் முழங்கால் அளவு இருந்த இடம் இந்த வாரம் ஆளை மூழ்கடிக்கும். வற்றும் நேரத்தில் கழியின் தண்ணீர் முழுக்க அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குள் பாயும். 22 பேரை அதில் இறக்குவது தேவையில்லாத ஆபத்து. கோவளத்துக்குத் தெற்கே மாமல்லபுரம் வரை அப்படிக் கடக்க வேண்டிய ஆற்றுவாய் இல்லை. புதியவர்களுக்கு இந்த வழி பொருந்துவதற்குப் பெரிய காரணமே அதுதான்.

ஞாயிற்றை நிலாவை வைத்துத் தேர்ந்தெடுங்கள். சென்னைக் கரையில் ஏற்ற இறக்கம் பெரிதல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய 1 மீட்டர், அஷ்டமியை ஒட்டி 40 செ.மீ. அளவு. ஆனால் நடப்பவருக்கு அளவைவிட நேரம் முக்கியம். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் உச்சத்துக்கு வருவது காலை 8, 9 மணி வாக்கில். அதாவது நீங்கள் நடக்கும் நேரத்தில்தான் தண்ணீர் மேலே இருக்கும். கெட்டியான ஈரமணல் முழுக்க நீருக்குள் போய்விடும், எல்லோரும் மேலே உள்ள பொலபொல மணலில் கால் புதைய நடக்க வேண்டியிருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இது தலைகீழ். காலை 8, 9 மணிக்கு வற்று, ஏற்றமும் அவ்வளவு உயராது. ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே அஷ்டமிக்கு இரண்டு நாள் முன்பின் வரும் ஞாயிறு போதும். சரியான நிமிடத்துக்கு இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) தளத்தில் சென்னைக்கான ஏற்றவற்று அட்டவணையைப் பாருங்கள். முந்தின நாள் மாலை அதே தளத்தில் உயர் அலை எச்சரிக்கையும் பார்த்துவிடுங்கள். சிவப்பு, ஆரஞ்சு என்றால் நடையைத் தள்ளிவைப்பதைத் தவிர வேறு யோசனை கூடாது.

மாதத்தைப் பொறுத்தவரை பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை நல்லது. வடகிழக்குப் பருவமழைக் கால அலைகள் நவம்பர், டிசம்பரில் கரையைத் தின்றுவிட்டுப் போகும். ஜனவரியில் பல இடங்களில் கரை ஒடுங்கி, ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டுப்பட்டு நிற்கும். பிப்ரவரியில் மெல்லத் திரும்பி நிரம்பத் தொடங்கும். வாடை இன்னும் வீசிக்கொண்டிருக்கும் என்பதால் வடக்கிலிருந்து தெற்கே நடந்தால் காற்று முதுகில் படும். மார்ச் கடைசியில் தெற்குக் காற்று எழுந்துவிட்டால் அதே வழியில் முகத்துக்கு நேராக மணல் அடிக்கும்.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை ஒட்டி, சூளேரிக்காட்டுக்குப்பம் பக்கம் பாறைக் கொட்டல் வரும். பாறை மீது ஏறிக் கடக்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். கல்லுக்குக் கல் பிடிப்பு இல்லாமல் ஆடும், நீர் படும் பக்கம் பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் அடுத்த அலை வருவதற்குள் எடுக்க முடியாது. பாறை தொடங்குவதற்கு முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வெளியேறி, அந்தத் துண்டை மட்டும் சாலையோரமாகக் கடந்து மறுபடி இறங்குங்கள். ஒற்றை வரிசை, எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்பக்கம். சாலையைக் குறுக்கே கடக்க வேண்டி வந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரே தடவையில்.

---

குப்பத்துக்காற்று

குப்பத்து விஷயத்தை நான் சொல்றேன். ஒரு வாரம் முன்னாடியே கோவளத்துக்கு நேர்ல போய் ஊர் பஞ்சாயத்துல சொல்லிடுங்க. போன்ல வேணாம். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமா போவீங்கன்னு சொன்னா அவங்களே எந்த இடத்துல விலகிப் போகணும்னு காட்டுவாங்க. முடிஞ்சா அந்த ஊர்க்காரர் ஒருத்தரையே கூலி குடுத்து வழிகாட்டியா வச்சுக்குங்க. கடல் முகத்தைப் பார்த்து "இன்னிக்கு இது சரியில்ல"ன்னு சொல்ற கண்ணு அவங்களுக்குத்தான் உண்டு.

விடியக்காலைல போன ஃபைபர் போட்டெல்லாம் காலைல கரை திரும்பும். போட்டு அலை மேல ஏறி வேகமா வந்து மணல்ல மோதித்தான் நிக்கும், அதுக்கு பிரேக் கிடையாது. போட்டு இறங்குற இடத்துல தண்ணி ஓரமா நின்னு போட்டோ எடுக்குறதுதான் இருக்குறதுலயே ஆபத்தான வேலை. குழுவை போட்டுகளுக்கும் வலைகளுக்கும் மேற்குப் பக்கமா, வீட்டு வரிசைக்குக் கீழ கூட்டிட்டுப் போங்க.

காயப்போட்ட வலையை மிதிக்கக் கூடாது, தாண்டவும் கூடாது. ஷூ கண்ணியில மாட்டுனா வலை கிழியும், அதைப் பின்ன அவங்களுக்கு அரை நாள் போயிடும். கரைவலை இழுக்குறப்ப ரெண்டு கயிறு கடல்லருந்து மேடு வரைக்கும் விறைப்பா நிக்கும். கயிறு திடீர்னு எழும்பும், தாண்டினா காலை வாரிடும். இழுக்குறவங்களுக்குப் பின்னாடி சுத்திப் போங்க. கூப்பிட்டா ஒழிய கயிறைப் பிடிக்காதீங்க, கை கிழிஞ்சிடும். ஏலம் நடக்குற இடத்துல கூட்டமா நிக்காதீங்க, அங்க ஒவ்வொரு நிமிஷமும் காசு. மீன் விக்கிற அக்காங்களைக் கேக்காம படம் எடுக்கவே கூடாது.

இன்னொண்ணு, பிப்ரவரி ஆமை முட்டையிடுற காலம். பங்குனி ஆமை ராத்திரியில ஏறும். இருட்டுல டார்ச் அடிச்சுட்டு நடக்காதீங்க, வெள்ளை வெளிச்சம் பார்த்தா அது முட்டையிடாம திரும்பிடும். நல்லா வெளிச்சம் வந்தப்புறம் கிளம்புங்க. டிராக்டர் தடம் மாதிரி மணல்ல ஏறி இறங்கின தடம் தெரிஞ்சா தடத்தைக் கலைக்காம, தோண்டிப் பார்க்காம, வனத்துறைக்குச் சொல்லுங்க. செத்த ஆமை ஒதுங்கியிருக்கும், தொட வேணாம்.

---

மணல்கால்

வேகத்தைப் பற்றிச் சொல்கிறேன், திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. ஈரமணலில் புதியவர்கள் மணிக்கு 3.5 கி.மீ. போவார்கள், பொலபொல மணலில் 2.5 தாண்டாது. 6:15-க்குக் கிளம்பி, ஓய்வு ஒரு மணி நேரம் சேர்த்தால் மாமல்லபுரம் சேர ஒரு மணி நெருங்கிவிடும். பிப்ரவரியிலும் 11 மணிக்கு மேல் மணலும் நீரும் வெயிலை முகத்துக்கு எறியும். ஆகவே நெம்மேலியை முடிவெடுக்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள், பாதி வழிக்குச் சற்று முன்னால் வரும். கடைசி ஆள் 9:15-க்குள் அங்கே வந்து சேரவில்லை என்றால் முழு நடை அன்றைக்கு இல்லை. சோர்ந்தவர்களை வேனில் ஏற்றிச் சாளுவன்குப்பம் புலிக்குகைக்கு அனுப்பிவிட்டு, கடைசி 5 கி.மீ.யை எல்லோரும் சேர்ந்து நடக்கலாம். இதைக் கிளம்பும்போதே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். நடு வழியில் சொன்னால் யாரும் தாமே முன்வந்து வேனில் ஏற மாட்டார்கள்.

சாலை கரைக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் வேன் திருவிடந்தை, வடநெம்மேலி, பட்டிபுலம், புலிக்குகை நான்கு இடத்திலும் முன்னாலேயே போய் நிற்கட்டும். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர் வேண்டும். 1.5 லிட்டரைச் சுமந்துவிட்டு மீதியை வேனில் நிரப்பிக்கொள்ளலாம். ஓ.ஆர்.எஸ். ஆளுக்கு இரண்டு பொட்டலம். ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கலக்கக் கூடாது, உப்பு கூடி வாந்தி வரும்.

தெற்கே நடக்கும்போது கடல் இடப்பக்கம். கரை சரிந்திருப்பதால் இடக்கால் எப்போதும் தாழ்ந்தே விழும். ஆறேழு கி.மீ.க்குப் பிறகு இடுப்பும் முழங்காலின் வெளிப்பக்கமும் வலிப்பது இதனால்தான். அரை மணிக்கு ஒரு முறை சமமான மேட்டுமணலில் ஐந்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள், அல்லது ஓய்வின்போது வந்த திசையிலேயே சற்றுத் தூரம் நடந்து திரும்பட்டும்.

செருப்பில் மணல் புகுந்து வாருக்கு அடியில் தோல் உரியும். வலைத்துணி வைத்த பழைய ஓட்டக் காலணியும் மெல்லிய நைலான் காலுறையும் போதும், மாற்றுக் காலுறை ஒரு ஜோடி. வெறுங்கால் வேண்டாம். தூண்டில் முள், கண்ணாடி, கெளிறு மீனின் முள் எல்லாம் ஈரமணலிலேயே கிடக்கும். முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணிக்குக் குறையாமல் வைத்தால் வலி தணியும். வேனில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் இருக்கட்டும். சொறி (ஜெல்லிமீன்) பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், கடல்நீரால் கழுவுங்கள்.

மூவரில் ஒருவர் முன், ஒருவர் நடு, ஒருவர் கடைசி. கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்னால் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணிக்கை. குளியல் எங்கேயும் இல்லை, குறிப்பாகப் பாறைச் சுவரை ஒட்டி. சுவரோரம் திரும்பும் நீர் ஆளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

---

அலைவரி

மூவருக்கும் மிக்க நன்றி. அஷ்டமிக் கணக்கு எங்கள் யாருக்கும் தெரியாது, அந்த ஞாயிற்றையே வைத்துக்கொள்கிறோம். வழியில் நின்று பார்க்க வேண்டியவற்றில் எதை விடலாம், எதை விடக் கூடாது?

---

கல்மண்டபம்

கோவளத்திலேயே பத்து நிமிடம் பேசிவிடுங்கள், நடுவழியில் யாருக்கும் காது இருக்காது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வணிக நிறுவனமான ஆஸ்டெண்ட் கம்பெனி இங்கே வணிகக் கிடங்கு வைத்திருந்தது. ஆற்காட்டு நவாப் கட்டிய கோட்டையை 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்தார்கள், 1752-இல் ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் பிடித்துத் தகர்த்தார். அது நின்ற இடத்தில் இப்போது நட்சத்திர விடுதி.

வடநெம்மேலி முதலைப் பண்ணையை இந்த நடையில் சேர்க்காதீர்கள். 1976-இல் தொடங்கிய அருமையான இடம், ஆனால் உள்ளே நுழைந்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். திருவிடந்தைப் பெருமாள் கோயிலும் சாலைக்கு அந்தப் பக்கம், தனி நாளுக்கு வையுங்கள்.

விடக் கூடாதது சாளுவன்குப்பம். புலிக்குகையை எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குச் சற்று வடக்கே மணலுக்குள் தாழ்ந்து கிடக்கும் முருகன் கோயிலைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தெரியவந்த கல்வெட்டைத் தொடர்ந்து தொல்லியல் துறை 2005-இல் தோண்டியது. பல்லவர் காலத்துக் கருங்கல் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில், வடக்கு பார்த்த வாசல், முன்னால் ஒரு கல்வேல். காலையெல்லாம் கடலுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தவர்களுக்கு, கடல் ஒரு கோயிலை எப்படி மூடியது என்பது அங்கே விளக்காமலே புரியும். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். செங்கல் மேல் யாரும் உட்கார வேண்டாம்.

முடிவில் ஒரு சிக்கல்: கரையிலிருந்து நேராகக் கடற்கரைக் கோயிலுக்குள் போக முடியாது. வேலியும் பாறைக் கரையும் உண்டு, டிக்கெட் வாசல் மேற்குப் பக்கம். கோயிலுக்கு வடக்கே உள்ள மீனவர் குப்பத்திலேயே நடையை முடித்து, எண்ணிக்கை பார்த்துவிட்டு, ஊருக்குள் சுற்றி வாருங்கள். அந்த இடத்தில் அலை வலுவானது. கால் நனைக்கிறேன் என்று களைத்த கூட்டம் தண்ணீரில் இறங்குவது அங்கேதான், கடைசி ஆள் வேன் ஏறும்வரை உங்களில் ஒருவர் கரையிலேயே நில்லுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐயும் 108-ஐயும் மூவரும் கைபேசியில் பதிந்துவையுங்கள்.