புதுப்பிப்பு: குரூப் 4-ஆ, பட்டப்படிப்பா என்று கேட்டிருந்தேனே

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, கிருஷ்ணகிரியில் வீடு. அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு, தொலைநிலைப் பட்டம் இரண்டில் எதை முதலில் பிடிப்பது என்று கேட்டிருந்தேன். இரண்டையும் சேர்த்தே பாருங்கள் என்றுதான் பலர் சொன்னீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும் என்பதால் பட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டேன்.

"அரசு வேலை வாங்கணும்" என்று மட்டும் எழுதி வைத்தால் இன்றைக்கு என்ன செய்வது என்று தெரியாது. அதனால் தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்தேன். 200 கேள்வியில் 100 அங்கேதான். அந்த 100 கேள்விக்கு 150 மதிப்பெண், அதில் 60 வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்கி இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கிறேன். கம்பெனி பஸ் சூளகிரி தாண்டும்வரை படிப்பு. திரும்பும்போது தூக்கம்தான், அதை யாரும் கேட்கக் கூடாது. நைட் ஷிப்ட் வாரத்தில் புதுப்பாடம் கிடையாது, பழைய வினாத்தாள் மட்டும்.

கணக்குதான் இன்னும் இழுக்கிறது. தனிவட்டி சரி, கூட்டு வட்டி வந்தால் கை நின்றுவிடுகிறது. 25 கேள்வி ஆயிற்றே, விட முடியாது. தருமபுரிப் பக்கம் ஞாயிறு வகுப்பு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.