புதுப்பிப்பு: பழைய லேப்டாப் மெதுவாக ஓடியதற்குக் காரணம் சார்ஜர்

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்திலிருந்து கேட்டிருந்தேன்: விண்டோஸ் 10 உள்ள பழைய லேப்டாப், பிரவுசர் திறக்கவே திணறுகிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி விண்டோஸ் போடலாமா என்று. அதற்குத் தேவையே வரவில்லை.

தானாகத் தொடங்கும் செயலிகளை நிறுத்தியதில் ஆன் ஆகும் நேரம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கும் நன்றாகவே இருந்தது. வைரஸும் இல்லை.

அப்புறம், டாஸ்க் மேனேஜரில் (என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸ் திரை) சிபியு, அதாவது பிராசசர், வேகத்தைப் பார்க்கச் சொல்லி இங்கே பதில் போட்ட அண்ணனின் யோசனை. அடிப்படை வேகம் 2.30 கிகாஹெர்ட்ஸ், ஓடிக்கொண்டிருந்ததோ 0.78. எதைத் திறந்தாலும் அதற்கு மேல் ஏறவில்லை. அவர் சொன்னபடி சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் மிச்சமிருந்த சார்ஜில் ஓடவிட்டேன். உடனே 2-ஐத் தாண்டியது!

இடி மின்னலில் பழைய சார்ஜர் போனபின் டவுனில் வாங்கிய மாற்றுச் சார்ஜர்தான் காரணம். சில லேப்டாப்கள், சார்ஜர் எத்தனை வாட் என்று அடையாளம் காண முடியாவிட்டால் பிராசசர் வேகத்தைத் தாமே இறக்கிவிடும். பயாஸிலும் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) அடாப்டர், அதாவது சார்ஜர், வகை தெரியவில்லை என்றே காட்டியது. லேப்டாப் கம்பெனியின் ஒரிஜினல் சார்ஜர் வேறொன்று போட்டதும் சரியாகிவிட்டது.

எதிர்பாராதது என்னவென்றால், பேட்டரிக்கு வயசாகிவிட்டது, இனி சார்ஜ் ஏறாது என்று நினைத்திருந்தோம். இப்போது அதுவும் ஏறுகிறது. நிறைய டேப் திறந்தால் இன்னும் இழுக்கத்தான் செய்கிறது, 4 ஜிபி ரேம்தானே.

ஒரிஜினல் சார்ஜரிலும் இதே நிலை என்றால், அதன் முனைக்குள் நடு ஊசி இருந்தால், அது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்; சார்ஜரை அடையாளம் காட்டுவது அந்த ஊசிதான்.