பர்கண்டி வைன் பகுதியை எங்கிருந்து அறியத் தொடங்குவது?

கேள்வி: வரும் செப்டம்பரில் பிரான்சின் பர்கண்டியில் நான்கு நாள்கள் தங்க இருக்கிறேன். அங்குள்ள புட்டிகளில் திராட்சை வகையைவிட ஊரின் பெயரும் தோட்டத்தின் பெயருமே பெரிதாக இருப்பதால், எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்று புரியவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: சிவப்பு வைன் பெரும்பாலும் பினோ நுவார் திராட்சையிலும், வெள்ளை பெரும்பாலும் ஷார்டொனே திராட்சையிலும் செய்யப்படுவதால், வேறுபாட்டை மண்ணில்தான் தேட வேண்டும். ‘க்ளிமா’ எனப்படும், எல்லை வகுத்த சிறு திராட்சை நிலங்கள் 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. க்ளோ த வூஜோ என்னும் திராட்சைத் தோட்டத்தின் கல்மதில் ஓரமாக அவசியம் நடந்து பாருங்கள்: சிஸ்டர்சியன் என்னும் கிறித்தவ சபைத் துறவிகள் வளர்த்தெடுத்த, ஏறத்தாழ 50 ஹெக்டேர் கொண்ட அந்த ஒரே தோட்டம் இன்று சுமார் 80 பேருக்குச் சொந்தமாக இருக்கிறது, மேட்டுப் பகுதியின் சுண்ணாம்புச் சரளை, கீழே சாலையோரம் ஈரம் தங்கும் களிமண்ணாக மாறிவிடுகிறது. எனவே, தோட்டத்தின் பெயரோடு தயாரிப்பாளரின் பெயரையும் பார்ப்பது மிகவும் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2: பர்கண்டியிலுள்ள போன் (Beaune) நகரில் தங்குங்கள். 1443இல் நிறுவப்பட்ட பழைய மருத்துவமனையின் வண்ண ஓட்டுக்கூரை அங்கேதான் உள்ளது. அந்த மருத்துவமனையின் பெயரிலான வைன் ஏலம் நவம்பரில் நடைபெறும். செப்டம்பர் பெரும்பாலும் அறுவடைக் காலம் என்பதால், சிறு தயாரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே எழுதி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.