கலஞ்சோ மறுபடி பூக்க மாட்டேன் என்கிறது

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எஸ்டேட் பக்கம் வீடு. தீபாவளிக்குக் கேமரன் மலையில் வாங்கிய சிவப்புக் கலஞ்சோ (தடித்த இலையுள்ள தொட்டிப் பூச்செடி), பொங்கலோடு பூ ஓய்ந்தது. அப்புறம் ஒரு மொட்டும் இல்லை. தண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து நீள்கிறது. அடி இலைகள் மஞ்சளாகி, தொட்டால் கொழகொழவென்று கழன்று வருகின்றன. நுனி இலைகள் மட்டும் பளபளப்பு.

காய்ந்த பூத்தண்டை நறுக்கியாயிற்று. ஆற்று மணல் கலந்து மண் மாற்றினேன். மண் காய்ந்தால்தான் தண்ணீர். மொட்டு விட 6 வாரமாவது, தினம் 14 மணி நேர இருட்டு வேண்டுமாம். நம் ஊர் இரவே ஏறக்குறைய 12 மணி நேரம்தான், அதிலும் அம்மாவின் சீரியல் முடியும்வரை ஹாலில் விளக்கு எரியும்! ஆகவே மாலை 5 முதல் காலை 7 வரை அட்டைப்பெட்டி போட்டு மூடுகிறேன். உள்ளே ஒரே புழுக்கம்.

அடி இலை அழுகும்போது பெட்டியைத் தொடரலாமா, இல்லை நுனியை வெட்டிப் புதிதாக நட்டுவிடுவதா?